ஊசி சரி, படிவம் யார் கைக்குப் போகிறது?

கேள்வி: ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 36. அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் மெடிக்கல் சென்டரில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடக்கப்போகிறது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் இலவசம். என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமா என்றெல்லாம் கேட்டு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதை நிரப்பிச் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டுமாம். எனக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிடுகிறேன், லைனில் யாருக்கும் தெரியாது. போன வருடம் ஊசி போட்டுக்கொண்ட தோழி மறுநாளே காய்ச்சலில் விழுந்து ஐந்து நாள் எழுந்திருக்கவில்லை. என் கணவர், "சளிக்கெல்லாம் ஊசியா, சுக்குக் கஷாயம் போதாதா?" என்கிறார். வீட்டில் ஆஸ்துமா உள்ள மாமியாரும் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். நான் போட்டுக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் வேலையில் பிரச்சினை வருமா?
- வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்:

ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். நிரப்பிய படிவத்தைச் சூப்பர்வைசர் கையில் கொடுக்காதீர்கள். தொழிற்சாலை மருத்துவ மையங்களில் வேலை பார்த்து வரும் டாக்டர் என்ற முறையில், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தப் படிவம்தான். அதை முதலில் பேசிவிடுகிறேன்.

ஊசி போடுவதற்கு முன் நோய், மாத்திரை, ஒவ்வாமை எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காமல் போட்டால் அதுதான் தவறு. ஆனால் அந்தப் பதில்கள் யாருக்கு வேண்டும்? ஊசி போடுகிற சிஸ்டருக்கும் பக்கத்தில் இருக்கிற டாக்டருக்கும் வேண்டும். எத்தனை மணிக்கு யாரை லைனிலிருந்து விட வேண்டும் என்று தெரிந்தால் சூப்பர்வைசருக்குப் போதும். மனிதவளத் துறைக்கு, போட்டுக்கொண்டவர்களின் பெயர்ப் பட்டியலும் அதற்கான பில்லும் போதும். உங்கள் சர்க்கரை இந்த இரண்டு கணக்கிலும் வராது.

தொழில் வழியாக நோயாளியைப் பற்றித் தெரிந்துகொண்டதை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு, இன்னொருவருக்குக் கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே தீர வேண்டிய நோய் என்று சில விதிவிலக்குகள் உண்டு. டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி என்பது அவற்றில் ஒன்றல்ல. ஆனால் இந்த விதி டாக்டரைத்தான் கட்டும். காகிதம் என்னிடம் வந்து சேருமுன் சூப்பர்வைசர் மேசையில் அரை நாள் விரிந்து கிடந்தால் எந்த விதியும் உதவாது.

பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஷிப்டுக்கு இத்தனை படிவம் சேர்க்க வேண்டும், சூப்பர்வைசர் மூலம் வாங்கினால் சுலபம் என்று அலுவலகத்தில் யாரோ நினைத்திருப்பார்கள். விளைவு மட்டும் அவ்வளவு சுலபமாக இருக்காது. பதவி உயர்வுப் பட்டியல் பேசும் அறையில், "அவருக்குச் சர்க்கரை இருக்கிறதே" என்று யாராவது சொல்லிவைப்பார்கள். சொன்னவருக்கே அது மறந்துபோகும். பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. வீட்டிலேயே இன்னும் சொல்லாத இரண்டாவது மாதத்தில், கர்ப்பமா என்ற கட்டத்துக்கு எதிரே டிக் போட்டுச் சூப்பர்வைசரிடம் நீட்ட வேண்டிய பெண்ணின் நிலையையும் யோசித்துப் பாருங்கள்.

அதற்காக 'நோய் எதுவும் இல்லை' என்று எழுதி மறைத்துவிட வேண்டாம். பெயர், பணியாளர் எண், ஷிப்ட் மூன்றையும் எழுதுங்கள். நோய் பற்றிய பகுதியில் 'மருத்துவ மையத்தில் நேரில் தெரிவிக்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதைத் தாராளமாகச் சூப்பர்வைசரிடம் கொடுக்கலாம். முகாமுக்கு முன்பே டீ இடைவேளையில் மெடிக்கல் சென்டருக்குப் போய் சிஸ்டரிடம் உங்கள் சர்க்கரை, மாத்திரை விவரத்தைச் சொல்லிவிடுங்கள். இதற்கு ஒருவரும் உங்களைக் கோபிக்க முடியாது. முடிந்தால் அங்கேயே, "நிரப்பிய படிவங்களை நேராக இங்கே வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்றும் கேட்டுவையுங்கள். நல்ல டாக்டராக இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார். அவருக்கே இது கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்.

வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். உங்களைப் போன்ற தொழிற்சாலை ஊழியர் ஃப்ளூ ஊசி போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒருவரை ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்று சொன்னது. பொது நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அது கொள்ளைநோய்க் காலத்துப் பேச்சு. வருடாந்திர ஃப்ளூ முகாமுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 'விருப்பமில்லை' என்று எழுதினால் போதும், காரணம் எழுத வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஆனால் விருப்பம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் சர்க்கரையே அதற்கு முதல் காரணம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ளூ வந்தால் அது நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகவும், மருத்துவமனையில் சேர வேண்டிவரவும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் நாட்களில் சர்க்கரையும் கட்டுக்கடங்காமல் ஏறும். மாத்திரை சாப்பிடுகிறோமே, ஊசி ஒத்துக்கொள்ளுமா என்ற பயம் வேண்டாம். எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. அன்றைய வேளை மாத்திரையை அந்த வேளைக்கே சாப்பிடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வது சளிக்குப் பொருந்தும். மூக்கு ஒழுகி, இரண்டு தும்மல் போட்டு, மூன்றாம் நாள் தானே போகிற சளிக்கு யாரும் ஊசி போடச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதற்குத் தடுப்பூசியே இல்லை. ஃப்ளூ வேறு. காலையில் நன்றாக வேலைக்கு வந்தவர் மாலையில் 102 டிகிரி காய்ச்சலும் அடித்துப் போட்ட மாதிரி உடல்வலியுமாகப் படுப்பார். இருமல் வாரக்கணக்கில் இழுக்கும். ஃப்ளூ சுவாசத்தைத் தாக்குவதால் மட்டும் உலகத்தில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம்தான். ஊசி போட்டுக்கொண்டு வந்து கஷாயத்தையும் குடியுங்கள், அவருக்கும் திருப்தியாக இருக்கும்.

இந்த ஊசி நூற்றுக்கு நூறு காப்பாற்றும் என்று முகாமில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரவுகிற வைரஸும் ஊசியில் உள்ள வகையும் நன்றாகப் பொருந்துகிற வருடத்தில், டாக்டரைப் பார்க்க வேண்டிய அளவுக்கு ஃப்ளூ வருவதை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கும். பொருந்தாத வருடத்தில் அதற்கும் கீழே போகும். மீறி வந்தாலும் பெரும்பாலும் அவ்வளவு கடுமையாக வராது. சர்க்கரை உள்ள ஒருவருக்கு இந்தப் பேரம் லாபம்தான் என்பேன்.

உங்கள் கம்பெனி அக்டோபர் தொடக்கத்தில் முகாம் வைத்திருப்பது புத்திசாலித்தனம். டெல்லி, புனே பக்கமெல்லாம் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். சென்னையைச் சுற்றி நமக்கு வடகிழக்குப் பருவமழை நாட்களில்தான் அதிகம். ஊசி போட்டு உடலில் எதிர்ப்பு சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். மழை வலுக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். வடக்கே தலைமை அலுவலகம் உள்ள சில கம்பெனிகள் அங்குள்ள காலண்டரை அப்படியே இங்கேயும் வைத்து ஜூனில் முகாம் முடித்துவிடுகின்றன. போடாமலிருப்பதற்கு அது மேல் என்றாலும், சில மாதம் போனால் ஊசியின் பலம் குறையத் தொடங்கிவிடும், நம் மழைக்காலம் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

மருந்தைப் பற்றி ஒன்று கவனியுங்கள். ஃப்ளூ வைரஸ் ஓயாமல் உருமாறுவதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளை ஊசியில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. எந்தப் பருவத்துக்கான மருந்து என்பது அட்டைப்பெட்டியில் அச்சாகியிருக்கும். காலாவதி தேதி தாண்டவில்லை என்பது மட்டும் போதாது. தேதி இருந்தும் பழைய பருவத்து மருந்தாக இருக்கலாம். மொத்தமாக வாங்கும்போது விலை குறைத்துத் தருகிறார்கள் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான்கு வகை வைரஸுக்கான ஊசிதான் உசத்தி, மூன்று வகைக்கானது மட்டம் என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். நான்காவதாக இருந்த பி யாமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால் மூன்று வகையே போதும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். முகாம்களில் நான் முதலில் எட்டிப் பார்ப்பது ஐஸ் பெட்டிக்குள்தான். உறைநிலையிலிருந்து அப்படியே எடுத்து வைத்த ஐஸ் கட்டியோடு சிரிஞ்சுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தால், வெயிலில் வைத்த மருந்தைவிட அதை நம்ப எனக்குத் தயக்கம். வெயில் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதிகக் குளிரும் கெடுக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரவு ஷிப்ட் முடித்து, சாப்பிடாமல், தூக்கக் கண்ணோடு வரிசையில் நிற்பவர்கள்தான் ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சரிவார்கள். மயக்கத்தால் வரும் கேட்டைவிடச் சரிந்து விழும் இடம்தான் ஆபத்து. ஊசி போட்ட கையோடு பிரஸ் மெஷின் முன்னால் போய் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே போட்டபின் பதினைந்து நிமிடமாவது அங்கேயே நாற்காலியில் உட்காருங்கள். மிக அபூர்வமாக வரும் கடும் ஒவ்வாமையும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதற்கான அட்ரினலின் ஊசி மேசையிலேயே இருக்க வேண்டும். லைன் நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்று யார் அழைத்தாலும் எழாதீர்கள்.

வலது கையில் டார்க் ரென்ச் பிடிப்பவராக இருந்தால் இடது கையில் போடச் சொல்லுங்கள். தோள் வரை சுலபமாக ஏறுகிற தளர்ந்த கை உள்ள உடை போட்டுக்கொண்டு போங்கள். சுடிதாரின் இறுக்கமான கையைப் பாதி இழுத்துவிட்டுக் கிடைத்த இடத்தில் குத்தும்போதுதான் ஊசி மேலே, மூட்டுக்கு அருகில் இறங்கிவிடுகிறது. தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதைப்பற்றான இடம்தான் சரி. நீங்களும் உட்கார்ந்திருக்க வேண்டும், போடுகிறவரும் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. இடம் தவறினால் தோள்வலி மாதக்கணக்கில் நிற்கும். தரப் பரிசோதனையில் கையைத் தூக்கித் தூக்கி வேலை செய்பவருக்கு அது பெரிய தொல்லை.

அன்று காய்ச்சலோ கடுமையான உடல்நலக் குறைவோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். லேசான சளி தடையில்லை. முட்டை ஒவ்வாமையும் தடை என்று பழைய படிவங்களில் இருக்கும், இப்போது அப்படிச் சொல்வதில்லை. முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் கூடாது. முந்தைய ஃப்ளூ ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கை கால் செயலிழக்கும் கியான் பாரே நோய் வந்திருந்தால் டாக்டரிடம் பேசாமல் போடக் கூடாது. கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வதே நல்லது.

இனி உங்கள் தோழி. முகாம்களில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள்தான் இருக்கின்றன, அவற்றால் ஃப்ளூ வராது. போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், உடல் அசதி ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கும். ஐந்து நாள் படுக்க வைத்த காய்ச்சல் ஊசியுடையது அல்ல என்றே நினைக்கிறேன். தொற்றிய ஒன்று முதல் நான்கு நாளில் ஃப்ளூ வெளிப்படும். ஊசி வேலை செய்யத் தொடங்கவோ இரண்டு வாரம் ஆகும். முகாம் நாளில் அவர் உடலில் ஃப்ளூ வைரஸோ வேறொரு கிருமியோ ஏற்கெனவே நுழைந்திருக்க வேண்டும். மழைக்காலம் என்றால் டெங்குவையும் மறக்க முடியாது. ஊசி போட்டபின் இரண்டு நாளைத் தாண்டியும் காய்ச்சல் நின்றால், 'ஊசிக் காய்ச்சல்தான், போய்விடும்' என்று இருந்துவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், ஆஸ்பிரின் வகைகள் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். இதைக் கம்பெனி நிர்வாகிகளும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். உங்கள் பக்கத்து இடத்தில் நின்று அதே பாகத்தைக் கையில் வாங்கும் கான்ட்ராக்ட் பெண், கேன்டீனில் தட்டு எடுத்துக் கொடுப்பவர், ஜன்னல் மூடிய கம்பெனி பஸ்ஸை ஒன்றரை மணி நேரம் ஓட்டி வரும் டிரைவர், இவர்களை விட்டுவிட்டு ஃப்ளூவைத் தடுக்கப்போகிறோம் என்பது வேடிக்கை. 1957-இல் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் வந்ததே சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில்தான். அடைத்த இடத்தில் மணிக்கணக்காகச் சேர்ந்திருப்பவர்களிடையே இந்த வைரஸ் எப்படிப் பரவும் என்பது புதுச் செய்தி இல்லை. காய்ச்சல் தெரிவதற்கு முந்தைய நாளே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும்.

ஊசியை எல்லோருக்கும் போட்டாலும் ஒரு ஓட்டை அடைபடாது. ஒரு நாள் லீவு எடுத்தால் மாத வருகைப் படி முழுவதும் போய்விடும் என்ற ஏற்பாடு பல தொழிற்சாலைகளில் இருக்கிறது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வராத நாளுக்குச் சம்பளமே கிடையாது. இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகையும் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது. ஃப்ளூ அதிகம் தொற்றுவதும் அந்த முதல் நாட்களில்தான். ஆகவே இரண்டு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு 102 டிகிரியோடு லைனுக்கு வருகிறார்கள், நாங்களும் மெடிக்கல் சென்டரில் மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்புகிறோம். முகாமுக்குச் செலவழிக்கிற கம்பெனி, காய்ச்சல் உள்ள நாட்களுக்கு மட்டுமாவது வருகைப் படியைப் பிடிக்காமல் விட்டால் ஊசியின் பலன் இரட்டிப்பாகும். உங்கள் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி இருப்பார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஊசி, காய்ச்சல் நாளுக்குப் படிப் பிடித்தம் இல்லை என்ற இரண்டையும் அடுத்த கூட்டத்தில் எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வருவோம். உங்கள் மாமியாருக்கு உங்களைவிட இந்த ஊசி அவசியம். ஆஸ்துமா உள்ள ஒருவரை ஃப்ளூ மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடும். அரசின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால் பெரும்பாலும் தனியாரிடம்தான் போட வேண்டிவரும், ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஊழியரின் குடும்பத்துக்கும் சலுகை விலையில் போடச் சில கம்பெனிகள் ஏற்பாடு செய்வதுண்டு. சிஸ்டரிடம் பேசும்போது இதையும் கேளுங்கள். மாமியாருக்கு மழைக்காலத்தில் ஃப்ளூ போலக் காய்ச்சல் வந்தால் 48 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரை அதற்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

குழந்தைக்கு நான்கு வயது என்பதால் குழந்தைநல மருத்துவரிடம் போடுங்கள். ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்லி இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமே பரிந்துரைக்கிறது. இதுவரை போட்டதில்லை என்றால் இந்த முறை ஒரு ஊசி போதாது, நான்கு வாரம் விட்டு இரண்டாவது வேண்டும். முதல் ஊசி போட்ட அன்றே இரண்டாவதற்கான தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.